குறிஞ்சிக் கல்லும் நெய்தற் பாசியும்

நுழையும்முன்

காற்றிலுள்ள கரி கடலுக்குள் சென்று கல்லாகிறது. அந்தக் கல்லைக் கட்டுபவற்றுள் முதன்மையானவை கண்ணுக்குத் தெரியாத பாசிகள். ஆனால், கல்லைக் கட்டும் அதே வினையில் பாசி கரியமில வாயுவை வெளியேயும் விடுகிறது. அவ்வாறாயின் அது கரியைச் சேமிக்கிறதா, செலவழிக்கிறதா? இவ்வினாவிற்கு விடை கடலில் மட்டும் இல்லை. சேர்வராயன் மலைச்சரிவிலும் இருக்கிறது. குறிஞ்சியில் தொடங்கி நெய்தலில் முடியும் அந்தக் கணக்கை ஆராய்கிறது இப்பாடம்.

சுண்ணம் அல்லாத சுண்ணக்குன்று

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டி, வெண்ணிறக் கற்கள் விரவிய குன்றுகள் உள்ளன. அவற்றின் வெண்மையைக் கண்ட ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், என்று பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது, பொருள்தான் பொருந்தவில்லை. அங்கே கிடைப்பது சுண்ணக்கட்டி அன்று. மக்னீசியம் கார்பனேட்டாலான மாக்னசைட். வட்டார மக்கள் அதனை ‘வெள்ளைக்கல்’ என்கின்றனர். பெயரிடுவதில் ஆங்கிலேயரைவிட ஊர்மக்களே கவனமாக இருந்திருக்கின்றனர்.

வெள்ளைக்கல் உருவானதில் உயிரினத்திற்குப் பங்கில்லை. மக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்தது. வாயுவும் மக்னீசியமும் சேர்ந்து, பாறையின் நரம்புகளைப்போல வெள்ளைக்கோடுகளாகப் படிந்தன. அந்தக் கல்லை உடைத்துக் கையில் எடுக்கும் ஒருவர், ஒரு காலத்தில் வாயுவாக இருந்த கரியைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

உண்மையான சுண்ணக்கட்டியின் பிறப்பிடம் கடல். இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் வெண்சுவராக நிற்கும் பாறைகள் அவ்வகையின. அந்நாட்டு அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, 1868ஆம் ஆண்டு நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியே. அதனை நுண்ணோக்கியில் வைத்தால் நுண்ணுயிர்களின் ஓடுகளும் வட்டத் தகடுகளும் தெரியும் என்பதை அவர் எளிய சொற்களில் விளக்கினார். அத்தகடுகளைச் செய்தவை பாசிகள் என்பது பின்னர் உறுதியாயிற்று.

வெள்ளைக்கல், சுண்ணக்கட்டி ஆகிய இரண்டிலும் சிறைப்பட்டிருப்பது கரிதான். ஒன்றை நீரும் பாறையும் மட்டுமே செய்தன. மற்றொன்றைச் செய்ய மலையும் ஆறும் உயிரும் கடலும் வேண்டியிருந்தன. நாம் பின்தொடர வேண்டியது இரண்டாவது வழியை.

வாழவந்தியில் பெய்யும் மழை

ஏற்காடு வட்டத்து மலையூர்களுள் ஒன்று வாழவந்தி. சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடியும் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும் வளரும் பகுதி இது. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறை. சென்னையில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் பாறையும் இவ்வினத்ததே. தட்டினால் கணீரென ஒலிக்கும் இந்தக் கடும்பாறையை மழைத்துளி என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம்.

மழைத்துளி காற்றின் வழியே இறங்கும்போதே சிறிதளவு கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் புகுந்ததும் அதற்கு இன்னும் மிகுதியாக வாயு கிடைக்கிறது. வேர்கள் மூச்சுவிடுகின்றன, உதிர்ந்த இலைகளை நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. ஆதலால், காப்பித் தோட்டத்து மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றில் வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு கரியமில வாயு இருக்கும். அதனைக் கரைத்துக்கொண்ட நீர் மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. சோடாப் புட்டியில் இருப்பதும் இவ்வமிலமே.

அந்த அமிலம் பாறையின் சிலிக்கேட் கனிமங்களை மெல்ல அரிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. கரியமில வாயுவோ பைகார்பனேட் என்னும் கரைபொருளாக மாறி அவற்றுடன் செல்கிறது. இங்கே ஓர் எண்ணிக்கையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கால்சியம் சிலிக்கேட்டிலிருந்து ஒரு கால்சியம் அயனி விடுபடும்போது, கரியமில வாயுவின் இரண்டு மூலக்கூறுகள் இரண்டு பைகார்பனேட் அயனிகளாகின்றன. ஒன்றுக்கு இரண்டு: பாடம் முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

இந்த அரிப்புக்குச் சான்று தேடி ஆய்வகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையின் உச்சிப்பகுதிகளில் பாக்சைட் படிவுகள் உள்ளன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு நெடுங்காலம் தாது சென்றது இம்மலையிலிருந்துதான். பாக்சைட் என்பது வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த பொருள் அன்று. கால்சியம், மக்னீசியம், சோடியம், பெருமளவு சிலிக்கா ஆகியவற்றை மழைநீர் கரைத்துச் சென்றபின் எஞ்சிய அலுமினிய வண்டலே அது. சாறு பிழிந்த கரும்புச் சக்கை என்று சொன்னால் தவறாகாது. மலையின் மேல் சக்கை இருக்கிறது. சாறு எங்கே போயிற்று?

ஆற்றின் சுமை

மலையின் தென்புறத்து நீர் திருமணிமுத்தாறாகச் சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. சரபங்கா நதியும் இம்மலையில் தோன்றிக் காவிரியில்தான் கலக்கிறது. வடபுறம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையைச் சேர்கிறது. எவ்வழியில் சென்றாலும் முடிவில் வங்கக்கடல்.

ஆறு சுமந்து வருவது வண்டலை மட்டுமே என்று எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றே என்பதால். தெளிந்த நீரிலும் கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவைப் பார்த்தவர்களுக்கு இது புதுச்செய்தி அன்று.

கல் கட்டும் பாசிகள்

கடலில் கால்சியத்தைக் கொண்டு சுண்ணம் செய்யும் பாசிகள் பல குடும்பங்களைச் சேர்ந்தவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய ஆழங்குறைந்த நீரில் இரண்டு வகைகளைக் காணலாம். ஒன்று, பச்சைப்பாசியான ஹாலிமீடா. சிறு காசுகளைக் கோத்ததுபோல் கிளைக்கும் இதன் ஒவ்வொரு கணுவிலும் சுண்ணம் ஏறியிருக்கும். பாசி மடிந்ததும் கணுக்கள் உதிர்ந்து வெண்மணலாகும். மற்றொன்று, இளஞ்சிவப்பு நிறத்தில் பாறைமேல் பூச்சுப்போலப் படரும் செம்பாசி. உடைந்த பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, அலைக்கு அசையாத திட்டாக்குவது இப்பூச்சே. பவளத்திட்டு என்னும் கட்டடத்தில் பவள உயிரி செங்கல் என்றால், செம்பாசி சாந்து.

மூன்றாவது வகை கரையில் நிற்பவருக்குத் தெரியாது. காக்கோலித்தோஃபோர் என்னும் ஒற்றைச்செல் பாசிகள் அவை. சுண்ணத்தகட்டுப் பாசிகள் என்று தமிழில் சொல்லலாம். செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அச்சிறு செல் தன்னைச் சுற்றி, சக்கரம் போன்ற சுண்ணத் தகடுகளை அடுக்கிக் கவசமிட்டுக்கொள்கிறது. பெருங்கூட்டமாகப் பெருகும்போது கடல்நீர் பால்கலந்த நீலமாகிவிடும். செயற்கைக்கோள் படங்களிலும் அது பதிவாகிறது. டோவர் வெண்பாறையைக் கட்டிய தகடுகள் இவ்வினத்தின் முன்னோருடையவை.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் மா.ஓ.பா. ஐயங்கார் (1886-1963). சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய இவர், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுத் தாவரங்களைப் பற்றி 1927ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. உலகக் கடல்களில் மிகப் பரவலாக வாழும் சுண்ணத்தகட்டுப் பாசிக்கு எமிலியானியா ஹக்ஸ்லேயி என்று பெயர். அப்பெயரில் மேற்சொன்ன தாமஸ் ஹக்ஸ்லியும், கடலடிப் படிவுகளை ஆராய்ந்த செசாரே எமிலியானியும் நினைவுகூரப்படுகின்றனர்.

கல்லாகும்போது கழியும் வாயு

பாசி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒளிச்சேர்க்கையில் நீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்து உணவாக்குகிறது. இது எல்லாப் பாசிகளுக்கும் பொது. சுண்ணப்பாசி கூடுதலாகக் கல்லும் கட்டுகிறது. இரண்டுமே கரியைப் பிடிக்கும் வேலைகள் என்று கொள்வது இயல்பு. பல நூல்களிலும் செய்திகளிலும் அப்படியே எழுதிவிடுகின்றனர். அது பாதி உண்மை. அந்தப் பாதியே ஆபத்தானது.

மலையிலிருந்து வந்த எண்ணிக்கையை நினைவுகூர்வோம். ஒரு கால்சியத்துடன் இரண்டு பைகார்பனேட் வந்தன. பாசி சுண்ணம் கட்டும்போது ஒரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டும் வினைபுரிகின்றன. அவற்றுள் ஒன்றன் கரி மட்டுமே கால்சியம் கார்பனேட்டாகக் கல்லில் தங்குகிறது. மற்றொன்று கரியமில வாயுவாகத் திரும்பிவிடுகிறது. இன்றைய கடல்நீரில் உடனடியாக வெளிப்படும் அளவு சற்றுக் குறைவு. ஒரு மூலக்கூறு சுண்ணத்திற்கு ஏறத்தாழ 0.6 மூலக்கூறு கரியமில வாயு என்று கணித்துள்ளனர். எஞ்சியதைக் கடல்நீரிலுள்ள கார்பனேட் அயனிகள் ஏற்றுக்கொள்கின்றன. எனினும் திசை மாறுவதில்லை. பாசி சுண்ணம் கட்டும் இடத்தில் கடலின் கரியமில வாயு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அப்படியானால் சுண்ணப்பாசி காற்றைக் கெடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. விடை நாம் எந்தக் கால அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்று, இவ்வாண்டு என்று பார்த்தால் சுண்ணமாதல் ஒரு கசிவு. இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்தால் அது சேமிப்பு. மலையில் இரண்டு மூலக்கூறுகள் காற்றிலிருந்து எடுக்கப்பட்டன. கடலில் ஒன்று காற்றுக்குத் திரும்பியது. ஒன்று கல்லாகித் தங்கியது. நிகர வரவு ஒன்று. அந்த வரவை ஈட்டிக் கொடுத்தது மலை. பூட்டி வைத்தது பாசி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கரைந்த பாறை சார்னோகைட் போன்ற சிலிக்கேட்டாக இல்லாமல் சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு கால்சியத்துடன் வரும் இரண்டு பைகார்பனேட்டுகளில் ஒன்றன் கரி மட்டுமே காற்றிலிருந்து வந்திருக்கும்; மற்றொன்று பாறையிலேயே இருந்த பழைய கரி. கடலில் ஒன்று காற்றுக்குத் திரும்பும்போது கணக்கு நேராகிவிடும், வரவு சுழியம். கடலில் உருவாகும் சுண்ணம் இரண்டு நிலைகளிலும் ஒரே தோற்றமுடையதுதான். எது சேமிப்பு, எது வெறும் இடமாற்றம் என்பதைச் சுண்ணத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதன் கால்சியம் புறப்பட்ட மலையைக் கேட்க வேண்டும்.

கரியைப் பிடித்ததற்காகப் பணம் பெறும் சந்தைகள் உருவாகியுள்ள காலம் இது. சிப்பி வளர்ப்பையும் பவளத்திட்டையும் சுண்ணப்பாசித் திடல்களையும் கரிச்சேமிப்பகங்கள் எனக் காட்டும் முயற்சிகளும் உள்ளன. ஓட்டிலும் கல்லிலும் உள்ள கரியை எடைபோட்டு, ‘இவ்வளவு பிடித்தோம்’ என்போர், கட்டும்போது கழிந்த வாயுவைக் கழிக்க மறந்துவிடக்கூடாது. பவளத்திட்டில் ஒளிச்சேர்க்கை எடுப்பதும் சுவாசம் விடுவதும் பெரும்பாலும் சமமாகிவிடுவதால், சுண்ணமாதலின் காரணமாகத் திட்டு முழுவதும் சிறிதளவு வாயுவை வெளியிடும் இடமாகவே இருப்பதுண்டு. மன்னார் வளைகுடாவின் திட்டுகளைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. மீன்குஞ்சுகளின் புகலிடம் என்பதும், அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண் என்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எடைக்கல்

பாசியின் பங்களிப்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. கடலின் மேற்பரப்பில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உணவில் பெரும்பகுதி அங்கேயே உண்ணப்பட்டு, மீண்டும் கரியமில வாயுவாகிவிடும். சிறு பகுதியே ஆழத்திற்கு இறங்குகிறது. ஆழ்கடலை அடைந்த கரி மீண்டும் மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே எவ்வளவு கரி உண்டாயிற்று என்பதைவிட எவ்வளவு கரி, எவ்வளவு விரைவாக மூழ்கியது என்பதே முதன்மையான வினா.

மட்கும் பொருள் இலேசானது; மெல்ல இறங்கும். சுண்ணத் தகட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. தகடுகள் கலந்த கழிவுத்துகள் எடைக்கல் கட்டிய வலைபோல விரைந்து இறங்குகிறது. இதனால் சுண்ணமாதலில் ஏற்படும் கசிவு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது.

வங்கக்கடல் இதற்கு நல்ல ஆய்வுக்களம். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் இணைந்து, 1987ஆம் ஆண்டு முதல் இக்கடலின் ஆழத்தில் புனல் வடிவத் துகள்பொறிகளை நிறுவின. மேலிருந்து விழுவதைக் குப்பிகளில் சேகரித்துப் பருவந்தோறும் ஆராய்ந்தனர். சுண்ணத் தகடுகளோடு ஆறுகள் கொண்டுவந்த களிமண்ணும் அவற்றில் இருந்தது. மழைக்காலத்தில் ஆற்று வண்டலும் எடைக்கல்லாகிக் கரியை ஆழத்திற்கு இழுத்துச் செல்வதை அவ்வாய்வு காட்டியது. மலை தன் கரைசலை மட்டும் கடலுக்கு அனுப்பவில்லை; மண்ணையும் அனுப்பி உதவுகிறது.

மூழ்கிய சுண்ணம் எல்லாம் நிலைப்பதில்லை. வெப்பமண்டலக் கடல்களில் ஏறத்தாழ 4,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்திற்குக் கீழே குளிரும் அழுத்தமும் மிகுந்த நீர் சுண்ணத்தைக் கரைத்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள கடலடியில் விழுந்தவையே படிந்து பாறையாகின்றன.

கல்லக்குடியின் கல்

அவ்வாறு படிந்த பாறையைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம். திருச்சிராப்பள்ளி, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சில பகுதிகள் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தன. கல்லக்குடிச் சுரங்கத்தின் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. டால்மியாபுரம் என்று சூட்டப்பட்ட பெயரை மாற்ற 1953ஆம் ஆண்டு நடந்த போராட்டத்தால் இவ்வூரை அறிந்தவர் பலர். நிலவியலார்க்கோ அது பவளமும் செம்பாசியும் சேர்ந்து கட்டிய பழங்காலத் திட்டு.

அருகிலுள்ள நினியூர்ப் படிவுகள் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகள் பழைமையுடையவை. அவற்றில் புதைந்த பாசிகளைப் பெங்களூருப் பேராசிரியர் எல். ராமராவும் வியன்னாவின் ஜூலியஸ் பியாவும் ஆராய்ந்து, 1936ஆம் ஆண்டு வெளியிட்டனர். பாறையை மெல்லிய சீவலாகத் தேய்த்து ஒளிபுகச் செய்தால், பாசியின் செல்வரிசைகள் அப்படியே தெரியும். காவிரியின் இன்றைய தடம் அன்று இருந்திருக்காது. ஆனால் மழை பாறையைக் கரைத்ததும், கரைந்தது கடலுக்குச் சென்றதும், பாசி அதனைக் கல்லாக்கியதும் இன்று நடப்பனவே.

பத்துக் கோடி ஆண்டு காத்த பூட்டை நாம் சூளையில் திறக்கிறோம். சிமிட்டி செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, 100 கிலோ தூய கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்குமேல் தனி. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு முதல் எட்டு விழுக்காடு சிமிட்டித் தொழிலால் வருவது. சேலத்து வெள்ளைக்கல்லும் தப்பவில்லை. எஃகு உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய அதனைச் சுடும்போது, எடையில் பாதிக்குமேல் வாயுவாகப் போய்விடுகிறது. வீடு கட்டாமல் இருக்க முடியாது. உலையின்றி எஃகும் இல்லை. இரண்டும் உண்மையே. அதனால் கணக்கு மாறிவிடாது.

புளிப்பேறும் கடல்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. மனிதர் வெளியிடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அதன் விலை புளிப்பு. மேற்பரப்பு நீரின் பிஎச் அளவு 8.2இலிருந்து 8.1ஆக இறங்கியுள்ளது. சிறு மாற்றமாகத் தோன்றும் இது, ஹைட்ரஜன் அயனிகள் நூற்றுக்கு முப்பது அளவில் பெருகியதைக் குறிக்கிறது. சுண்ணம் கட்டத் தேவைப்படும் கார்பனேட் அயனிகள் அதனால் அருகுகின்றன.

எல்லாப் பாசிகளும் ஒன்றுபோலத் துன்புறுவதில்லை. பவளத்திட்டின் சாந்தாகிய செம்பாசி, மக்னீசியம் மிகுந்த சுண்ணத்தைக் கட்டுகிறது. சுண்ண வகைகளுள் எளிதில் கரைவது அதுவே. எனவே கடல் புளிக்கும்போது முதலில் தளர்வது செங்கல்லை விடச் சாந்தாக இருக்கும் என்று அஞ்சுகின்றனர்.

மலைகளே இதனைச் சரிசெய்துவிடாவா என்று கேட்கலாம். சரிசெய்யும்; ஆனால் தமக்குரிய வேகத்தில். சிலிக்கேட் பாறை கரைவதன் வழியாக உலகின் மலைகள் யாவும் சேர்ந்து ஓராண்டில் பிடிக்கும் கரியைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கை, அதே ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து நாம் வெளியிடுகிறோம். இந்த வேகத்தைக் கூட்டும் நோக்கில், சிலிக்கேட் பாறையைப் பொடியாக்கி வயல்களில் தூவும் சோதனைகள் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடைபெறுகின்றன. பொடி எவ்வளவு கரைந்தது, கரைந்தது ஆறு வழியே கடலை அடைந்ததா, அங்கே எவ்வளவு திரும்பக் கழிந்தது என்பவற்றை ஒவ்வொன்றாக அளந்தாலன்றி அவற்றின் பயனைச் சொல்ல இயலாது. அவ்வளவீடுகளே இப்போது இத்துறை ஆய்வாளர்களின் முதன்மைப் பணியாக உள்ளன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் மழைநீர் எந்த ஓடை, எந்த ஆறு வழியாக எந்தக் கடலை அடைகிறது என்பதை வரைபடமாக வரைக. வழியிலுள்ள பாறைகளின் பெயர்களைப் புவியியல் ஆசிரியரிடம் கேட்டுக் குறிக்க.

2. ‘பவளத்திட்டு ஒரு கரிச்சேமிப்பகம்’ என்னும் கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. சுண்ணம், சாந்து, காளவாய், நீறு ஆகிய சொற்கள் உங்கள் வட்டாரத்தில் எப்பொருளில் வழங்குகின்றன என்பதைக் கட்டடத் தொழிலாளரிடம் கேட்டறிந்து தொகுக்க.